அட்டை யார் கையில் இருக்கிறதோ

"அப்ப என் பேரு எதுக்குங்கக்கா அதுல இருக்கு?"

அந்தப் பெண் கேட்ட கேள்வி இது. அதற்கு நான் சொன்ன பதில் விதிப்படி சரியான பதில்தான். எங்கள் கூட்டுறவு சங்கத்து ரேஷன் கடை விற்பனையாளர் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இருந்தும் இத்தனை வருஷம் கழித்து, பில் போட்டுக்கொண்டிருக்கும்போது சில நாள் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

2021 மே மாதம், கொரோனா நிவாரணத்தின் முதல் தவணை. அரிசி அட்டை ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மாநிலம் முழுக்க 2 கோடியே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு 4,153 கோடி ரூபாய் என்று பேப்பரில் வந்தது. அவ்வளவு பெரிய தொகை கடைசியில் எங்களைப் போன்றவர்களின் மேஜை டிராயரில் ஐநூறு ரூபாய்த் தாள்களாகத்தான் வந்து சேர்ந்தது. டோக்கனை வீடு வீடாகப் போய் நாங்களே கொடுத்தோம். ஒரு நாளைக்கு 200 பேர், காலை 8 மணியிலிருந்து 12 மணி வரை. கூட்டம் சேராமல் பணம் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பணத்தை வாங்கிய கையோடு பக்கத்து மருந்துக் கடைக்கு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

அவள் வந்தது கடை மூடுகிற நேரத்தில். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கம்பெனி மூடியிருந்தது. இரண்டு குழந்தைகளோடு லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். கணவனை விட்டு வந்து வெகுநாள் ஆகிறது. ஆனால் மூன்று பேருடைய பெயரும் மாமியார் வீட்டு அட்டையில்தான் இருக்கின்றன. பெயரை நீக்கினால்தான் புது அட்டைக்கு எழுதிப்போட முடியும். நீக்குவதற்கான ஓ.டி.பி. கணவனின் போனுக்குத்தான் போகும். அவன் சொல்ல மாட்டான்.

அவள் பணத்தைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். "நாளைக்கு அத்தை டோக்கன் எடுத்துட்டு வருவாங்க. பாதி பசங்களுக்குக் கொடுங்கன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க." இவ்வளவுதான் கேட்டாள்.

"அட்டை யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் கண்ணு கொடுக்க முடியும். குடும்ப விஷயத்துல நாங்க தலையிடக் கூடாது" என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் டிராயரைப் பூட்டிக்கொண்டே, "வட்ட வழங்கல் அலுவலகத்துல மனு கொடும்மா" என்றேன். ஊரடங்கில் பஸ் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் மாமியார் வந்தார். மெலிந்த உடம்பு, சேலை முந்தானையே முகக்கவசம். அட்டையை ஸ்கேன் பண்ணினேன். திரையில் உறுப்பினர் ஐந்து என்று வந்தது. நான்கு தாள்களை எண்ணிக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் சொன்னால் அந்தம்மா வீட்டுக்குப் போய் மகனிடம் சொல்வார். "கடை வரைக்கும் போய்க் கேட்டாளா" என்று அவன் லைன் வீட்டு வாசலில் போய் நிற்பான். குடிக்கிறவன். அந்த அடி யாருக்கு விழும்? அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று வீட்டில்கூடச் சொன்னேன். ஆனால் அது மட்டுமே காரணமா என்றால், வரிசையில் இன்னும் நூறு பேருக்கு மேல் நின்றார்கள், பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டில் எது முந்தியது என்று எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை.

எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். "ரேஷன் கடை என்ன பஞ்சாயத்து மேடையா? இன்னைக்கு நீ பாதியாப் பிரிச்சா, நாளைக்கு அண்ணன் தம்பி, அப்பன் மகன்னு எல்லாரும் உன் கடை வாசல்லதான் நிப்பாங்க" என்றார். நியாயமான பேச்சு. அட்டைக்கு இவ்வளவு என்று வைத்ததால்தான் அத்தனை கோடிப் பேருக்கு அத்தனை சீக்கிரம் கொடுக்க முடிந்தது. ஆள் ஆளாக விசாரித்துக்கொண்டிருந்தால் அந்த வருஷம் முடிந்திருக்கும்.

பணத்தை விட்டாலும் அரிசி என்னை விடவில்லை. அது முன்னுரிமை அட்டை. அரிசிக்குத் தலைக்கு 5 கிலோ கணக்கு, அதோடு மத்திய அரசின் கூடுதல் 5 கிலோ. அந்த இரண்டு குழந்தைகளின் பங்கையும் நான் எடை போட்டு, அவர்கள் சாப்பிடாத வீட்டுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15-க்கு அப்புறம் இரண்டாம் தவணை வந்தது. இன்னொரு 2,000 ரூபாய், கூடவே கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, சோப்பு என்று 14 மளிகைப் பொருள் அடங்கிய பை. இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "பேரப் பசங்க பேரும் அட்டையில இருக்குங்களே, அவங்களுக்கும் ஏதாவது கொடுத்தனுப்புங்கம்மா" என்றேன். அவள் வந்து கேட்டதைச் சொல்லவில்லை. நானாகச் சொல்வதுபோல்தான் சொன்னேன்.

அந்தம்மா வரிசை முழுக்கக் கேட்கும்படி பேசினார். "எம்பையன் வேலையில்லாம படுத்துக் கெடக்கறான் அம்மிணி. அவ சம்பாரிக்கறேன்னு போனவ. அவளுக்கு நான் எதுக்குக் கொடுக்கோணும்?" வரிசையில் நின்ற இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டு, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னாள். நான்தான் "சரி, போதும் விடுங்க" என்று நிறுத்த வேண்டியதாயிற்று. எதிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாக மே மாதம் நினைத்தேனோ, அதை ஜூனில் நானே அவள் பெயருக்கு வாங்கிக் கொடுத்ததுபோல் ஆனது.

பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர் திரும்பி வந்து, குரலை இறக்கி, "பெரியவன் ஒசந்துட்டானா? பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் குழந்தைகளைப் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். அதற்கு மேல் அவரை நான் என்னவென்று குறை சொல்வது? மகனும் மருமகளும் பிரிந்ததில் அவருக்கும் போனது இரண்டு பேரப் பிள்ளைகள்.

பேசாமல் இருந்ததே சரி என்று அதற்கப்புறம் கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு, பேசியதாவது ஒருவர் காதில் விழுந்ததே என்று தோன்றியது. இரண்டும் மாறி மாறி வரும்.

பின்னால், விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழும் பெண்களின் பெயரை அதிகாரிகளே விசாரித்து நீக்கி, தனி அட்டை கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவள் மட்டும் வரவில்லை. அவள் இருந்த லைன் வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

2023-இல் மகளிர் உரிமைத் தொகை அறிவித்தபோது, விண்ணப்பத்தையும் டோக்கனையும் மறுபடி நாங்கள்தான் வீடு வீடாகக் கொண்டுபோனோம். மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அதுவும் ஒரு அட்டைக்கு ஒரு பெண்தான். பட்டியலைப் பார்த்தேன். அந்த அட்டையில் உறுப்பினர் ஐந்து என்றேதான் இருந்தது. அவளுக்கு இன்னும் தனி அட்டை ஆகவில்லை. மாமியார் வீட்டுக் கதவைத் தட்டி விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மருமகள் எங்கே இருக்கிறாள் என்று இந்த முறை நேராகவே கேட்டேன். அவினாசிப் பக்கம் என்றார். அங்கே உள்ள கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.