சேஸ் வங்கியின் எண்கோணச் சின்னம்: பிளைவுட்டில் செய்து பார்த்தது

நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கிக்காக 1961-இல் வந்த சின்னம் இது. செர்மயெஃப் அண்ட் கைஸ்மர் நிறுவனத்தின் டாம் கைஸ்மர் வடிவமைத்தார். சேஸ் நேஷனல் வங்கியும் பேங்க் ஆஃப் மன்ஹாட்டனும் 1955-இல் இணைந்திருந்தன. இணைப்புக்குப் பிந்தைய சின்னத்தில் அமெரிக்க வரைபடம், பூமி உருண்டை, எழுத்து என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன. சின்ன அளவில் அச்சடித்தால் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக வந்ததில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. அன்றைய அமெரிக்கப் பெருநிறுவனங்களில் அப்படியொரு அருவச் சின்னத்தை ஏற்றவை மிகச் சில. வங்கிக்குள் எழுந்த எதிர்ப்பை மீறி, வங்கியின் உயர் நிர்வாகி டேவிட் ராக்ஃபெல்லர் அதன் பக்கம் நின்றார்.

பேங்க் ஆஃப் மன்ஹாட்டனின் மூலம், அமெரிக்க அரசியல்வாதி ஆரன் பர் 1799-இல் தொடங்கிய மன்ஹாட்டன் கம்பெனி. அது மரத்தடிகளைக் குடைந்து குழாயாக்கி நகருக்குத் தண்ணீர் கொடுத்தது. அந்தக் குழாயின் குறுக்குவெட்டுதான் இந்த எண்கோணம் என்று ஒரு கதை உலவுகிறது. வரைந்து பார்த்தால் வடிவத்தின் சூட்சுமம் வேறிடத்தில் இருப்பது புரியும்: ஒரே துண்டு, நடுவிலுள்ள வெற்றுச் சதுரத்தைச் சுற்றி 90 பாகையாக நான்கு முறை திரும்புகிறது. அவ்வளவுதான்.

வரைபடம். வங்கியின் அசல் வரைபட அளவுகள் அல்ல இவை. ஒழுங்கான எண்கோணத்தை வைத்துப் போட்ட கணக்கு. 140 மி.மீ. சதுரம் எடுத்தால் எண்கள் முழுதாக அமைகின்றன. நான்கு மூலைகளிலும் 41 மி.மீ. வெட்டினால் நடுவே 58 மிஞ்சும். மூலைச் சாய்வும் 57.98 வருவதால் எட்டுப் பக்கமும் சமம். துண்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி வைத்தால் துண்டின் அகலம் 41-3=38. ஆக ஒவ்வொரு துண்டும் ஒரு சரிவகம்: வெளிப்பக்கம் 58, உள்பக்கம் 96, ஒரு முனை செங்குத்தாக 38, மறுமுனை 45 பாகைச் சாய்வில் 53.7. நடுச் சதுரம் 64.

இடைவெளியை மாற்றினால் வெளிப்பக்கம் தவிர மற்ற எல்லாம் மாறும். அகலம் எப்போதும் 41-இல் இருந்து இடைவெளியைக் கழித்தது. உள்பக்கம் 58-உடன் அகலத்தைக் கூட்டியது. இந்தச் சின்னத்தில் நிறம் பூசாத அந்தக் கோடுதான் வேலை முழுவதையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட எண்கோணம் மட்டுமே மிஞ்சும், சுழற்சி போய்விடும்.

வெட்டுவது. 4 மி.மீ. பிளைவுட்டில் 38 மி.மீ. அகலமும் 320 மி.மீ. நீளமும் உள்ள ஒரு பட்டை போதும். துண்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக வரைந்தால் சாய்வோடு சாய்வு பொருந்தி, நான்குக்கும் 308 மி.மீ. ஆகும். மிச்சம் 12 ரம்பத்தின் வாய்க்குப் போகும். பலகையின் பின்பக்கத்தில் வரையவே கூடாது. திருப்பி வைக்கும்போது சின்னம் கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்ப்பக்கம் சுழலும். மேல் துண்டின் கூர்முனை வலப்பக்கம் இருக்க வேண்டும், அதுதான் அடையாளம்.

சாய்வு வெட்டில்தான் பெரும்பாலும் கெடுகிறது. மைட்டர் பாக்ஸில் (ரம்பத்தைக் குறித்த கோணத்தில் பிடித்து வெட்ட உதவும் பெட்டி) ஒரு பாகை தவறினால் கூர்முனை 1.3 மி.மீ. முன்னோ பின்னோ போய்விடும். வெளிக்கோடு உடைந்து தெரிய அது போதும். கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே வெட்டி, நான்கையும் இரட்டைப்பக்க டேப்பால் அடுக்காக ஒட்டி, தட்டையான கட்டையில் சுற்றிய 120 உப்புத்தாளில் ஒன்றாகத் தேய்ப்பது நல்லது. கோணம் சற்றுப் பிசகினாலும் நான்கும் ஒரே மாதிரி பிசகும், சுழற்சி கெடாது. கூர்முனையில் பிளைவுட்டின் மேல்தாள் பிய்யும். வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, முனையிலிருந்து உள்நோக்கித் தேய்த்தால் தாங்கும்.

பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டியபின் அடித்தால் எனாமல் இடைவெளிக்குள் இறங்கித் தேங்கும். விளிம்பில் தடித்த பூச்சு வேண்டாம், அதுவும் இடைவெளியைத் தின்னும்.

அடுக்குவது. 64 மி.மீ. அட்டைச் சதுரம் ஒன்றை வெள்ளைப் பலகையின் நடுவில் வைத்து, ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்தையும் அதில் முட்டவிட வேண்டும். துண்டின் செங்குத்து முனை சதுரத்தின் மூலையிலிருந்து 3 மி.மீ. தள்ளித் தொடங்கும். இடையில் 3 மி.மீ. அக்ரிலிக் சில்லுகளைச் செருகி, பசை பிடித்ததும் எடுத்துவிடலாம். அங்கேயே விட்டால் கசிந்த பசையோடு ஒட்டிக்கொள்ளும்.

இதே வரைபடத்தை அப்படியே சுருக்கி முத்திரைக்கோ அட்டைக்கோ பயன்படுத்த முடியாது. 14 மி.மீ. அகலத்தில் இடைவெளி 0.3 மி.மீ. தான், ரப்பர் முத்திரையின் மை அதை அடைத்துவிடும். சிறிய அளவுக்குத் தனி வரைபடம் வேண்டும்: 140 கணக்கில் இடைவெளி 6, அகலம் 35, உள்பக்கம் 93, நடுச் சதுரம் 70. சுருக்கிய பிறகு 0.6 மி.மீ. மிஞ்சும்.