பூட்டிவிட்டுப் போனவர்கள்

போலந்தில் யெத்வாப்னே என்று ஒரு சின்ன ஊர். 1941 ஜூலை 10 அன்று அங்கிருந்த யூதர்களைச் சந்தைத் திடலுக்கு விரட்டி, அப்புறம் ஒரு களஞ்சியக் கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். செத்தது குறைந்தது 340 பேர், குழந்தைகளும் சேர்த்து.

ஊர் அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்தது, சரி. ஆனால் விரட்டியதும் கொளுத்தியதும் தினமும் முகம் பார்த்த அக்கம்பக்கத்துப் போலந்துக்காரர்கள். அங்கிருந்த நினைவுக்கல்லோ முழுப் பழியையும் ஜெர்மன் போலீஸ் மேல் போட்டிருந்தது. 2001இல்தான் அதைப் பெயர்த்தார்கள்; அதிபரே அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

அதே வருஷம் கொட்டகை இருந்த இடத்தைத் தோண்டினார்கள். எலும்புகளோடு சாவிகளும் கிடைத்தன. வீட்டுச் சாவிகள். பூட்டி, மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள், சாயங்காலம் திரும்பிவிடலாம் என்பதுபோல.