“நல்லாத்தான் இருக்கேன்”

விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகளை எடுக்கும் வக்கீல் அலுவலகம் ஒன்றில் கோப்பு தயார் செய்வது என் வேலை. மருத்துவ ரெக்கார்டுகளைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும், பில்களைக் கூட்ட வேண்டும், அடிபட்டவரிடமும் வீட்டாரிடமும் பேசிக் குறிப்பெடுக்க வேண்டும். கால் உடைந்தவரின் கோப்பு சுலபம், எக்ஸ்ரேயைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். தலையில் அடிபட்டவர்களின் கோப்புதான் படாதபாடு படுத்தும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் மனைவியோடு வந்தார். பைக்கில் போகும்போது கார் மோதி விழுந்தவர். தலைவலி உண்டா, மறதி உண்டா, தூக்கம் வருகிறதா என்று அச்சடித்த தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் சிரித்தபடி, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கும் சாக்கில் வெளியே வந்த அந்த அம்மா, “அவர் சொல்றத எழுதாதீங்க சார். நேத்து அடுப்புல பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தார், வாசனையே தெரியல” என்றார்.

மூக்குக்கு மேலே இருக்கும் எலும்பில் சல்லடை மாதிரி துளைகள் உண்டு, வாசனை நரம்புகள் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன, மூளை குலுங்கும்போது அவை அறுந்துபோகலாம் என்பதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த விஷயம். அதற்கு மேலேயே இருப்பது மூளையின் முன்பகுதி. நம்மிடம் என்ன குறை என்று நமக்கு நாமே கவனிப்பதற்கு அந்தப் பகுதி சரியாக வேலை செய்ய வேண்டும். அது அடிபட்டால் குறையும் வரும், குறை இருப்பது தெரியாமலும் போகும். அவர் பொய் சொல்லவில்லை, தைரியமாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. காயம்தான் அப்படிப் பேசியது. தலைக்காய வழக்கில் மோசமான சாட்சி பல சமயம் அடிபட்டவரேதான்.

அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் 14 என்று இருந்தது. 1974-இல் வந்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண், ஆகக் குறைந்தது 3. 13 அல்லது அதற்கு மேல் என்றால் ‘லேசான காயம்’. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கியது. ஆனால் ஒருவர் எந்த அளவுக்கு நினைவோடு இருக்கிறார் என்பதைச் சொல்லும் எண்தான் அது. ஒரு வருடம் கழித்து அவரால் கணக்கு எழுத முடியுமா என்பதை அது எங்கே சொல்கிறது? ஸ்கேனும் நார்மல்தான். சி.டி.யில் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் தெரியும், இழுபட்டுக் கிழிந்த நுண்ணிய நரம்பிழைகள் பெரும்பாலும் தெரியாது. விபத்துக்குப் பிறகு நினைவு தொடர்ச்சியாகத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பது முக்கியமான கேள்வி. ஒரு நாளைத் தாண்டிவிட்டால் அதை லேசான காயம் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு ரெக்கார்டில் பதில் இல்லை. மனைவியிடம் இருந்தது.

தினமும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். குழந்தைகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் எழுதினார்: “செவ்வாய். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டார். புதன். பென்சில் விழுந்த சத்தத்துக்குக் கத்தினார், பிறகு அழுதார். வெள்ளி. பேங்க் வாசலில் நின்றுகொண்டு, எதுக்கு வந்தேன் என்று போன் செய்தார். ஞாயிறு. நன்றாக இருந்தார், பழைய மாதிரி கிண்டல்.” நல்ல நாட்களை அடித்துவிடலாமா என்று கேட்டேன் (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது). வக்கீல் முறைத்தார். குறுக்கு விசாரணையில், ஜோடித்து எழுதியது என்று சொல்ல முடியாதபடி அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் நோட்டைக் காப்பாற்றின.

இதற்கு நடுவே, ஆஸ்பத்திரி பில்லுக்குச் சரியாகப் போகிற ஒரு தொகையோடு சமரசத்துக்கு ஆள் வந்தது. கடன் கழுத்தை நெரித்ததால் அந்த அம்மாவும் மடங்குகிற நிலையில்தான் இருந்தார். கணவரோ, “போட்டுடலாம், நான்தான் நல்லா இருக்கேனே” என்றார். முழுமையான, இறுதியான தீர்வு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு வலிப்பு வந்தாலும் வேலை போனாலும் பொதுவாக மறுபடி கேட்க முடியாது. தலைக்காயத்தில் எது தேறும், எது தேறாது என்று தெரியவே ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். அதற்காக வழக்கே போடாமல் காத்திருக்கவும் முடியாது, காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும், அது நாட்டுக்கு நாடு வேறு. முடிவெடுக்கிற திறனிலேயே அடிபட்ட மனிதரின் கையெழுத்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. திறன் இல்லையென்று தெரிந்தால் அவர் சார்பில் வேறொருவரை நியமிக்கச் சட்டத்தில் வழி உண்டு. இவருடைய வழக்கில் அது வரை போகவில்லை. கையெழுத்தைத் தள்ளிப்போட்டோம், அவ்வளவுதான்.

கடைசியில் கிடைத்த தொகையில் அவருக்குத் துணையாக ஒருவர் செலவிடும் நேரத்துக்கும் கணக்கு இருந்தது. கோப்பை மூடும் அன்று அந்த அம்மாவிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “என்ன நோட்டு அது?” என்று கேட்டார் கணவர்.

“வீட்டுக் கணக்கு” என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.