ஸ்டீயரிங் இறுகினால் முதலில் டிராக் லிங்க்கைக் கழற்றுங்கள்

ஜொகூரின் கோத்தா திங்கி செம்பனைத் தோட்டச் சேற்றில் உழன்றுவிட்டுக் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வந்த வண்டி, சில வாரம் கழித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சுழல்பாதையில் தன் கோளாறைக் காட்டும். திருப்பிய ஸ்டீயரிங் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கையைத் தளர்த்தினாலும் தானாக நேருக்கு வராது. விரைவுச்சாலையில் நேராகப் போகும்போதும் சின்னச் சின்னத் திருத்தம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இப்படி வரும் வண்டிக்கு உடனே பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றுவார்கள். அதில் சரியாகாவிட்டால் ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றைச் சக்கரத் திருப்பமாக்கும் பற்சக்கரப் பெட்டி) மேலுள்ள ஸ்க்ரூவைத் திருகுவார்கள். ஆயில் மாற்றினால் காசுதான் போகும். ஸ்க்ரூவைத் திருகினால் பாக்ஸே கெடலாம். கோளாறு சக்கரப் பக்கமா, பாக்ஸ் பக்கமா என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. ஜிம்னி, பழைய டிஃபெண்டர், லேண்ட் குரூசர் 80 என்று முன்னால் ஒரே திட ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்குத்தான் இங்கே எழுதுவது பொருந்தும்.

ஜாக் எடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். சேற்றுக்காகக் குறைத்த டயர் காற்றைத் திரும்ப ஏற்றினீர்களா? ஜிம்னியில் ஃபோர்வீல் டிரைவ் லீவர் இன்னும் 4எச்-இல் நிற்கிறதா, மற்றவற்றில் முன், பின் ஆக்ஸிலைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கின் விளக்கு எரிகிறதா? தார்ச்சாலை வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு ஆக்ஸிலும் பூட்டியிருந்தால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் முறுக்காகி, ஸ்டீயரிங்கில் பாரமாக வந்து சேரும்.

இவை சரியென்றால், சமதளத்தில் முன் ஆக்ஸிலைத் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பாக்ஸிலிருந்து வெளியே நீளும் கையான பிட்மேன் ஆர்மில் இருந்து, அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கைப் பிரியுங்கள். அப்போதுதான் சக்கரப் பக்கமும் பாக்ஸ் பக்கமும் தனித்தனியாகும். நட்டைப் பூட்டும் காட்டர் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, பால் ஜாயின்ட் புல்லரால் இழுத்தால் போதும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். ஸ்டீயரிங் உதறலைத் தணிக்கும் டேம்பரின் ஒரு முனையையும் கழற்றிவிடுங்கள். அதைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் முழுவதும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் தடுத்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ புதிது போடுங்கள்.

இப்போது ஒரு சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் வழியாக மற்றதும் சேர்ந்து திரும்பும். நேர் நிலையைக் கடக்கும்போது பள்ளத்தில் விழுவதுபோல் ஒரு பிடிப்பு தெரிந்தால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சைத் தாங்கும் கிங்பின் பேரிங்தான் காரணம். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. அதனால் உருளைகள் பேரிங் தடத்தில் ஒரே இடத்தில் அடிவாங்கிக் குழி பதித்துவிடும். நக்கிள் (ஆக்ஸில் நுனியில் சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) சீல் வழியாகச் சேற்றுநீர் புகுந்து கிரீஸ் பால்நிறமானால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். குழி விழுந்த பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்துப் பயனில்லை. உருளைக்கூட்டையும் வெளி வளையத்தையும் ஜோடியாக மாற்றுங்கள். மேலே இருந்த ஷிம்மை (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் கலக்காதீர்கள்.

பிரீலோட், அதாவது பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று அளப்பதைப் பலரும் தவிர்க்கிறார்கள். இந்த வேலையின் உயிரே அதுதான். ஆக்ஸில் ஷாஃப்டும் சீலும் பூட்டாமல், டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுங்கள். டிஃபெண்டரில் அசைய ஆரம்பித்த பிறகு 1.16 முதல் 1.46 கிலோ, லேண்ட் குரூசர் 80-இல் 3.0 முதல் 5.5 கிலோ. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். குறைவாக வைத்தால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். கூடினால் மறுபடி பிடிக்கும்.

சக்கரங்கள் தடையில்லாமல் திரும்பினால் குற்றம் மேலே, பாக்ஸ் பக்கம். இன்ஜினை அணைத்து, சாவியைப் போட்டு லாக்கை விடுவித்து, ஸ்டீயரிங்கை மெதுவாகச் சுற்றுங்கள். முடிவில் பாக்ஸை இடிக்க விடாதீர்கள். ஒரு சுற்றுக்கு இருமுறை இறுகித் தளர்ந்தால் பாக்ஸுக்குப் போகும் தண்டின் யூ ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. நம் ஈரக்காற்றில் இது சகஜம். ஊடுருவும் எண்ணெய் விட்டால் சில நாள் இளகும். நிரந்தரத் தீர்வு ஜாயின்ட்டை மாற்றுவது. கழற்றும் முன் தண்டில் பெயிண்ட் கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

நடுவில் மட்டும் ஒருமுறை இறுகினால், ஸ்க்ரூவை முன்பு யாரோ அதிகமாக முறுக்கியிருப்பார்கள். பாக்ஸின் பற்கள் நேர் நிலையில்தான் மிக நெருக்கமாகச் சேரும், எனவே அங்கே லேசான எதிர்ப்பு இயல்பே. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். லாக்நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று பின்னால் விட்டு, மறுபடி சுற்றிப் பாருங்கள். தளர்த்தியும் கரகரத்தால் உள்ளே பேரிங் போய்விட்டது.

சக்கரப் பக்கமும் பாக்ஸ் பக்கமும் இலகுவாக இருந்தால்தான் பவர் ஸ்டீயரிங் பம்பையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். கனமழையில் மட்டும் பாரமானால் பெல்ட் வழுக்குகிறது. இன்ஜின் வேகம் கூட்டும்போது இலகுவானால் பம்பைப் பாருங்கள். ஆயிலில் நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது: சக்கரம் தூக்கிய நிலையில், இன்ஜின் அணைத்து, ஆயிலை நிரப்பிக்கொண்டே முனைக்கு முனை 15 முறை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு ஐடிலில் வைத்து அதையே செய்யுங்கள். முனையில் சில விநாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம்.

மாட்டும்போது புதிய காட்டர் பின் போடுங்கள். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தால், பேரிங் சரியான பிறகும் ஸ்டீயரிங் சோம்பலாகத்தான் நேருக்கு வரும். காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்ததால் வரும் அந்தச் சோம்பலுக்குக் காஸ்டர் திருத்தும் புஷ்தான் மருந்து. டை ராட்டைத் தொட்டிருந்தால் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) அளந்துவிடுங்கள். சிங்கப்பூரில் 10 ஆண்டு தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையை முடித்தால், பால் ஜாயின்ட் ஏதாவது தேவைப்பட்டாலும் வரவழைக்க நேரமிருக்கும்.