வலப்பக்கத்து வெட்டை

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் இணையத்தளத்தை, இணையத்தளங்களை அமைத்து நிர்வகிக்கும் மென்பொருளான ஜூம்லாவில் அமைத்துக் கொடுத்தபோது, வலப்பக்கத்தில் திருவிழா நிகழ்ச்சிகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தேன். கொடியேற்றம் தொடக்கம் வைரவர் மடை வரை அந்தப் பகுதி நிறைந்திருந்தது. மடை முடிந்து நிகழ்ச்சிகளின் வெளியீட்டு முடிவுத் திகதி கடந்ததும், வெளிர்மஞ்சள் நிறப் பெட்டி மட்டும் வெறுமையாக எஞ்சியது. பரிபாலன சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில், "தம்பி, உந்த வெட்டை ஏன் கிடக்குது?" என்று கேட்டார். "விரைவில் அறியத் தரப்படும்" என்று எழுதிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அடுத்த திருவிழாவுக்குப் பதினொரு மாதம் கிடக்கையில் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சுலபமான வழியைத்தான் நாடினேன். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் 'எம்ப்டி' என்ற தெரிவி உண்டு. உள்ளே எதுவுமில்லாத பெட்டியை அதனால் பிடித்து, 'டிஸ்பிளே நன்' கொடுத்து மறைக்கலாம். பெட்டி மறையவில்லை. மூலநிரலைத் திறந்து பார்த்தபோது, பக்கத்தின் அமைப்பை வகுக்கும் வார்ப்புருவில் பெட்டியின் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே நான் அழகுக்காக விட்டிருந்த ஒரு வரிமுறிவு அகப்பட்டது. திரையில் தெரியாத குறிப்புரை மட்டும் இருந்தால் பெட்டியை வெறுமை என்றே கொள்ளும் அந்தத் தெரிவி, ஓர் இடைவெளி இருந்தாலும் அதை உள்ளடக்கமாகவே எண்ணிவிடும்.

வரிமுறிவை நீக்கியதும் பெட்டி மறைந்தது, ஆனால் வெட்டை போகவில்லை. பக்கத்தை நிரைகளாகவும் நிரல்களாகவும் பிரிக்கும் கிரிட் அமைப்பில் வலப்பக்கத்துக்கு 260 பிக்சல் என்றும் எஞ்சியது நடுப்பகுதிக்கு என்றும் நானே வகுத்திருந்தேன். குடியிருப்பவர் போனாலும் அளந்து போட்ட வேலி அப்படியே நிற்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. ஆகவே, எழுதிய பெட்டியைப் பிறகு மறைப்பதை விட, அதை எழுதுவதா இல்லையா என்பதை வார்ப்புருவே முன்கூட்டித் தீர்மானிப்பதுதான் சரி என்ற முடிவுக்கு வந்தேன்.

ஜூம்லாவில் அதற்கென 'கவுண்ட் மொடியூல்ஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. ஓர் இடத்தில் எத்தனை மொடியூல்கள், அதாவது பக்கத்தில் பொருத்தும் சிறு உள்ளடக்கக் கூறுகள், வெளியிடப்பட்டுள்ளன என்று அது எண்ணிச் சொல்லும். பூச்சியம் என்றால் பெட்டியை எழுதாமல் விடலாம். சிக்கல் என்னவென்றால், என் மொடியூல் வெளியீட்டில்தான் இருந்தது, அதற்குள் காட்ட நிகழ்ச்சிதான் இல்லை. எனவே விடை ஒன்று என்றே வந்தது. 2021இல் வெளிவந்த ஜூம்லா 4 முதல், இதே செயற்கூறுக்கு இரண்டாவது அளவுருவாக 'ட்ரூ' கொடுத்தால், உண்மையில் ஏதாவது எழுதும் மொடியூல்களை மட்டுமே எண்ணுகிறது. அந்தப் பதிப்புடன் வரும் கசியோபியா வார்ப்புருவிலும் பக்கப்பட்டிகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள். உருப்படி எதுவுமில்லாத பட்டியலின் குறிகளை மட்டும் ஒரு மொடியூல் எழுதினாலும் அது உள்ளடக்கமாகவே எண்ணப்படும் என்பதால், என் மொடியூலின் தோற்றக் கோப்பில், பட்டியல் வெறுமையானால் எதையும் எழுதாமல் திரும்பும்படி முதல் வரியிலேயே ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன்.

எண்ணிக்கை பூச்சியத்தை விடக் கூடினால் மட்டும், பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் சூழும் 'பொடி' குறியில் ஒரு வகுப்புப் பெயர் சேர்கிறது. அந்த வகுப்பு இருந்தால்தான் கிரிட் இரண்டு நிரலாகப் பிரியும், இல்லையெனில் நடுப்பகுதியே முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் அடியில் உள்ள மூன்று சிறு பெட்டிகளுக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. அங்கே நிரல்களை 'ஓட்டோ ஃபிட்' என்று எழுதியிருப்பதால், ஒரு பெட்டி எழுதப்படாத நாளில் மற்ற இரண்டும் அந்த இடத்தைத் தாமாகவே பங்கிட்டுக்கொள்கின்றன. வெறும் நிரலுக்கும் இடம் பிடித்து வைக்கும் 'ஓட்டோ ஃபில்' என்று எழுதியிருந்தால் அகலத்திரையில் அங்கேயும் ஒரு வெட்டை கிடந்திருக்கும்.