டோர்ட்மண்டில் இரண்டு பட்டங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு இந்தியப் பட்டங்கள் இருக்கின்றன. என்னுடையது நான்காண்டுப் பொறியியல்; மனைவியுடையது, பயிற்சி ஆண்டையும் சேர்த்து, ஐந்தாண்டுப் பல் மருத்துவம். கோயம்புத்தூரில் இருந்தவரை இவற்றில் எது பெரிது என்று கேட்டால், உறவினர் அனைவரும் தயங்காமல் அவளுடையதையே சொல்லியிருப்பார்கள். ஜெர்மனியில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

என் பட்டத்தை இந்நாடு ஏற்றுக்கொண்ட எளிமை எனக்கே வியப்பாக இருந்தது. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களைப் பட்டியலிட்டிருக்கும் ‘அனாபின்’ என்ற தரவுத்தளத்தில் என் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே ‘எச் பிளஸ்’ என்று, அதாவது அங்கீகரிக்கப்பட்டது என்று, இருந்தது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு, பணி ஒப்பந்தத்துடன் விசா விண்ணப்பத்தில் இணைத்ததோடு படிப்பைப் பற்றிய கேள்வி முடிந்தது. நேர்காணலும் ஆங்கிலத்தில், காணொளி வழியாகவே நடந்தது. திரையைப் பகிர்ந்துகொண்டு நிரல் எழுதிக் காட்டினேன். பைத்தானில் எழுதிய நிரல் கோவையில் ஒரு விதமாகவும் டோர்ட்மண்டில் வேறு விதமாகவும் இயங்குவதில்லை. அதனால் என் திறமையைச் சோதிக்க அரசு அலுவலகம் எதுவும் தேவைப்படவில்லை.

2023 நவம்பரிலிருந்து இந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பத் துறையினர் பட்டமே பெறாதிருந்தாலும், கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு அனுபவமும், வரையறுக்கப்பட்ட ஊதியத்தில் ஒரு வேலையும் இருந்தால், ‘நீல அட்டை’ என்னும் பணி, குடியிருப்பு அனுமதியைப் பெற முடியும்.

மனைவி குடும்ப இணைப்பு விசாவில் வந்தாள். நீல அட்டை உடையவரின் துணைவர் என்பதால் வருவதற்கு முன் ஜெர்மன் மொழிச் சான்றிதழ்கூடக் கேட்கப்படவில்லை. எந்த வேலையும் செய்யலாம் என்று அவளுடைய குடியிருப்பு அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் கற்ற தொழில் மட்டும் அந்த ‘எந்த வேலை’யில் அடங்காது. பல் மருத்துவம் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட தொழில். அதற்கு ‘அப்ரோபாட்சியோன்’ என்னும் உரிமம் வேண்டும். அவள் படித்த பாடத்திட்டம் இங்குள்ள பாடத்திட்டத்தோடு ஒப்பிடப்படும். போதிய நிகர்மை இல்லையென்று கண்டால், அறிவுத் தேர்வு ஒன்றைத் தேற வேண்டும். இவற்றோடு மருத்துவ மொழித் தேர்வும் உண்டு: நோயாளியாக நடிப்பவரிடம் 20 நிமிடம் பேசி, அதை 20 நிமிடத்தில் அறிக்கையாக எழுதி, பின் சக மருத்துவர் ஒருவரிடம் 20 நிமிடம் விளக்க வேண்டும். இந்தத் தேர்வை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே, எப்படி வலிக்கிறது என்று நோயாளி சொல்வது புரியாதவரிடம் யார் வாயைத் திறந்து காட்டுவார்கள்? சோர்வைத் தருவது தேர்வன்று. ஒவ்வொரு சான்றிதழுக்கும் மொழிபெயர்ப்பு, அதற்கு அத்தாட்சி, பிறகு கடிதத்துக்காகக் காத்திருத்தல் என்று நீளும் காலம்தான். அவளோடு படித்தவர்கள் ஊரில் சொந்தக் கிளினிக் வைத்துவிட்டார்கள்.

படிப்பின் உயரத்தை வைத்து இந்தக் கதவுகள் திறப்பதில்லை என்பது டோர்ட்மண்ட் அடங்கிய இந்த ரூர் வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தாலே விளங்கும். சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆள் வேண்டியிருந்த காலத்தில் ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்தது; அன்று பார்க்கப்பட்டது பட்டமன்று, உடல்நலம். வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் பொட்ரொப் நகரில் மூடப்பட்டது. டோர்ட்மண்டின் ஹோர்டே பகுதியில் உருக்காலை நின்ற இடத்தில் இப்போது ஃபீனிக்ஸ் ஏரி இருக்கிறது. கரையெங்கும் வீடுகளும் அலுவலகங்களும். வெளிநாட்டுக் கணினி வல்லுநர்களுக்கான ஜெர்மனியின் ‘கிரீன் கார்டு’ திட்டம் 2000இல் வந்தபோது, இதே மாநிலத் தேர்தலில் ‘இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்’ என்ற முழக்கம் எழுந்தது. 2024 அக்டோபரில் அதே நாடு, திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது.

நாங்கள் மளிகை வாங்கும் கடைக்காரர் 1980களில் ஏதிலியாக வந்த ஈழத்தவர். யாழ்ப்பாணத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். “எங்களுக்கு முதல்ல வேலை செய்யவே விடேல்லை தம்பி, பிறகு கிடைச்சது கோப்பை கழுவுற வேலைதான்” என்று ஒருநாள் சொன்னார். அவருக்கு என்னைவிடக் கணக்கு நன்றாகவே தெரியும். அவருடைய பட்டத்துக்கு எதிரே எந்தக் குறியீடு இருக்கிறது என்று பார்க்க அன்று யாரும் முனையவில்லை. அவருடைய தலைமுறை இங்கே வேரூன்றி, பக்கத்து ஹம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கூட்டத்தில் அவர்களும் எங்களைப் போல நீல அட்டையில் வந்தவர்களும் கலந்து நிற்கிறோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

மனைவி இப்போது ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறாள். இத்தனை ஆண்டு படித்துவிட்டுக் கருவி எடுத்துக் கொடுப்பதா என்று மாமியார் தொலைபேசியில் வருந்துகிறார். ஆனால் வகுப்பறையில் கிடைக்காத ஜெர்மன் அங்கேதான் அவளுக்குக் கிடைத்தது. மொழித் தேர்வைத் தேறிவிட்டாள். தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அது கிடைத்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கலாம். அறிவுத் தேர்வையும் அந்தக் காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று இரவில் படித்துக்கொண்டிருக்கிறாள்.