தோட்ட லயத்திலிருந்து டவுனுக்கு வீடு மாறும்போது

ஆடியில் வீடு மாறக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இலங்கை மலையகத்தில் அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துக்கு மழைக் கணக்காகவும் சரிதான். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை இந்தச் சரிவுகளில்தான் கொட்டும். தை, மாசி தோதான மாதங்கள். மலைக்குக் கிழக்குப் பக்கமான பதுளை, பண்டாரவளைக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. பிள்ளைகளின் படிப்புக்காக டிசம்பர் கடைசியில் கிளம்பினால் இங்கே காய்ந்த தரையில் ஏற்றியதை அங்கே அடைமழையில் இறக்க வேண்டிவரும்.

லொறி பேசுமுன் அது எங்கே நிற்கும் என்று பாருங்கள். லயத்து வரிசை வீடுகளின் வாசலுக்குப் பெரிய லொறி வராது. கேன்டரை மெயின் ரோட்டில் நிறுத்திப் படியேறிச் சுமப்பதைவிட, சின்னப் பட்டா லொறியில் இரண்டு நடை அடிப்பது பெரும்பாலும் லாபம். கூலி ஏறுவது தூரத்தால் அல்ல, படிகளால்.

மாட்டிக்கொள்வது எப்போதும் அலுமாரிதான். ஒரு கயிற்றில் அதன் அகலத்துக்கு முடிச்சுப் போட்டு, படி திரும்பும் மூலையில் பிடித்துப் பாருங்கள். இடிக்கும் என்றால் கதவுகளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஆணிகளை ஷொப்பிங் பையில் போட்டு அலுமாரிக் காலிலேயே கட்டுங்கள். தனியே வைத்த பை தொலையும். கண்ணாடிக்கு மெத்தைதான் நல்ல காவல். பாசி பிடித்த படியில் முன்னால் பிடிப்பவர் செருப்போடு இறங்க வேண்டாம்.

பாரமான சாமான் கெபினை ஒட்டி, கயிறு இறுகக் கட்டி. ஏற்றத்தில் எல்லாம் பின்னால்தான் சரியும். ஃபிரிட்ஜ் நின்றபடியே போகட்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஷர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும்; அப்படிப் போனதை ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக் குத்துங்கள். கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி, திறந்த லொறியில். மூடிய வேனில் ஆட்களோடு வேண்டவே வேண்டாம். தறப்பாளை முதலிலேயே விரித்து வையுங்கள். விடியலில் கிளம்புங்கள்: பின்னேர இடிமழையும் வளைவுப் பனிமூட்டமும் சேர்ந்தால் டிரைவரும் முழிப்பார். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் நாள், நட்சத்திரம் பார்க்காமல் தள்ளிப்போடுங்கள்.

பழைய வீட்டு மின் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட வீடு என்றால், ஒப்படைத்ததற்கு ஆபீசில் கடிதம் கேளுங்கள். புதிய இடத்தில் பால் காய்ச்சிய கையோடு கிராம சேவகரைப் பார்த்து வாக்காளர் பதிவை மாற்றுங்கள். முதலாம் வகுப்பு அனுமதிக்கு, வசிப்பிட அடிப்படையில் முந்தைய 5 வருடப் பதிவைப் பார்க்கிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகள்தான் இதை அநேகமாக மறப்பது.